விருப்பு இலக்கம் கேட்டு வரப்போகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று வீட்டிலும் நண்பர்களோடும் பேசிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். வடக்கில் இருப்பவர்களை மனதில் வைத்தே கூடுதலாக எழுதுகிறேன். கிழக்கிலும் மலையகத்திலும் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். உங்களில் சிலரிடம் கட்சிக்காரர் ஏற்கெனவே வந்து பேசியிருப்பார்கள். பட்டியலுக்கு ஆள் சேர்ப்பது எந்தக் கட்சிக்கும் பெரிய வேலை. ஒரு தேர்தல் மாவட்டத்தில் எத்தனை ஆசனமோ அதற்கு மேல் மூன்று பெயர் சேர்த்தே வேட்புமனுக் கொடுக்க வேண்டும். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம், ஆகவே பட்டியலுக்கு 9 பேர். கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக 44 பட்டியல்கள் களத்தில் நின்றன. 396 பேர் வாக்குக் கேட்டார்கள்.

அவர்களில் முதல் தடவை நின்ற இளையவர்கள் சிலரை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளைகள். வேட்புமனுக் கொடுத்த கிழமையில் காணி விடுவிப்பு, இந்திய இழுவைப் படகு, வேலையில்லாப் பட்டதாரிகள் என்று பேசினார்கள். கடைசிக் கிழமையில் அவர்கள் வாயில் இருந்தது இரண்டே விடயம்: தங்கள் விருப்பு இலக்கம், தங்கள் பட்டியலிலேயே இருந்த இன்னொருவரின் குறை. அரசியலுக்குப் போனால் எல்லாரும் இப்படித்தான் என்று ஊர் சொன்னது. நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகளை அந்த இடத்துக்குத் தள்ளியது அவர்களுடைய குணத்தைவிட வாக்குச் சீட்டு என்றே நம்புகிறேன். நீங்கள் எப்படிப் பரப்புரை செய்யப்போகிறீர்கள் என்பதில் பாதி, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை ஆசனம், எவ்வளவு பெரிய மாவட்டம், பட்டியலில் இடம் தந்தவர் யார், செலவுக்குக் காசு தருகிறவர் யார், வாக்காளர் எந்தக் கட்டத்தில் புள்ளடி இட வேண்டும் என்பவையே அந்தப் பாதி. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் வாக்குச் சீட்டு. எங்கள் பாராளுமன்றத் தேர்தல் சீட்டில் வேட்பாளர் பெயர் இல்லை. மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும், சுயேச்சைக் குழுக்களின் இலக்கமும் சின்னமும். அடியில் வெறும் எண்கள் வரிசையாக. வாக்காளர் ஒரு சின்னத்துக்கு எதிரே புள்ளடி இட்டு, பிறகு விரும்பினால் அடியில் உள்ள எண்களில் மூன்று வரைக்கும் புள்ளடி இடலாம். அந்த எண்கள் எல்லாப் பட்டியலுக்கும் பொது. உங்கள் இலக்கம் 4 என்றால் 44 பட்டியலிலும் ஒரு 4 இருக்கும். முதல் தடவை நிற்பவருக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய பெயர் தெரிந்திருந்தும் பயனில்லை. முகமும் சின்னமும் இலக்கமும் ஒன்றாக வாக்காளர் மனதில் பதிய வேண்டும். அதனால்தான் துண்டுப்பிரசுரத்தில் பாதி இடத்தை எண் பிடிக்கிறது. கொள்கை பின்பக்கத்தில் சிறிய எழுத்துக்குப் போகிறது. வாசலுக்கு வரும் வேட்பாளர் இரண்டு நிமிடம் நிற்பார் என்றால் ஒன்றரை நிமிடம் சீட்டில் எப்படிப் புள்ளடி இடுவது என்ற பாடத்துக்கே சரியாகிவிடும். அந்தப் பாடம் தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. 2024இல் யாழ்ப்பாணத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 30 ஆயிரத்துக்கு மேல். அதே தேர்தலில் 28 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வாக்கோடு இரண்டு பட்டியல்களுக்குத் தலா ஓர் ஆசனம் கிடைத்தது. செல்லாமற்போன புள்ளடிகள் ஓர் ஆசனத்துக்குப் போதுமான கூட்டம்.

அடுத்தது, மடலின் மையமான விடயம். வாக்கெண்ணும்போது முதலில் பட்டியல்களின் வாக்கை எண்ணி, யாருக்கு எத்தனை ஆசனம் என்று பிரிப்பார்கள். அதற்குப் பிறகு ஆசனம் வென்ற பட்டியல்களின் விருப்பு வாக்குகளை எண்ணி, கூடுதலாகப் பெற்றவர்களை வரிசைப்படி உறுப்பினராக்குவார்கள். உங்கள் கட்சிக்கு மூன்று ஆசனம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருந்தால், உங்களுடைய வெற்றியும் தோல்வியும் எதிர்க்கட்சியின் கையில் இல்லை. உங்களோடு ஒரே மேடையில் மாலை போட்டுக்கொண்டு இருக்கிற மற்ற எட்டுப் பேரின் கையில் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரனின் வாக்காளரை மனம் மாற்றுவது கடினம். சொந்தக் கட்சி வாக்காளரிடம் போய், மூன்றாவது விருப்பை அவருக்குப் போடாமல் எனக்குப் போடுங்கள் என்று கேட்பது எளிது. மனிதர் எளிதான வழியில்தான் போவார்கள். ஆகவே பரப்புரையின் கடைசி நாட்களில் சண்டை கட்சிக்குள்ளே திரும்புகிறது. யார் யாருடைய பிரசுரத்தை வாகனத்தில் ஏற்றாமல் விட்டார், யார் கூட்டத்தில் யாருடைய இலக்கத்தைச் சொல்ல மறந்தார் என்பதெல்லாம் பெரிய வழக்காகிறது.

2020 ஆகஸ்டில் இது தெருவுக்கே வந்தது. தமிழரசுக் கட்சிப் பட்டியலில் கடைசி ஆசனம் யாருக்கு என்ற விருப்பு எண்ணிக்கையை ஒட்டி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி வாக்கெண்ணும் நிலையத்தில் ஒரே கட்சி ஆதரவாளர்களுக்குள் பதற்றம் எழுந்து பாதுகாப்புப் படையினர் குவிக்கப்பட்டதை நீங்கள் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். அப்போது உங்களில் பலர் பாடசாலையில் இருந்திருப்பீர்கள். எதிரெதிர்க் கட்சிகள் அன்று அங்கே மோதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே தேர்தலில் இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழரசுக் கட்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் வாக்குப் பெற்றது. அதில் முதலாவதாக வந்த சிவஞானம் சிறீதரனுக்கு 35 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு. சிறீ லங்கா சுதந்திரக் கட்சி பெற்றது சுமார் 49 ஆயிரம் வாக்குத்தான். ஆனால் அதன் அங்கஜன் இராமநாதன் 36 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்குப் பெற்று மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தார். ஒரு பட்டியலில் வாக்களித்த நால்வரில் மூவர் ஒருவருடைய இலக்கத்துக்கே புள்ளடி இட்டார்கள். மற்றப் பட்டியலில் முதல்வருக்கே மூவரில் ஒருவர்தான். மக்களின் விருப்பு வெறுப்பை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. ஒன்று, ஓர் ஆசனத்தை இலக்காகக் கொண்டு ஒருவரைச் சுற்றிக் கட்டிய பட்டியல். அங்கே மற்ற வேட்பாளர்கள் அவருக்காக வாக்குக் கேட்டார்கள். மற்றது, பெயரும் ஊரும் ஆதரவுத் தளமும் உள்ள பலர் சேர்ந்த பட்டியல். அங்கே ஒவ்வொருவரும் தனக்காகக் கேட்டார்கள். உங்களை ஒரு கட்சி அழைத்தால் இந்த இரண்டில் எந்த வகைப் பட்டியலுக்கு அழைக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். முதல் வகை என்றால் நீங்கள் இன்னொருவரின் வாக்குக்கு ஏணி. அதில் வெட்கம் இல்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். வென்றுவிடலாம் என்ற நினைப்பில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துச் செய்யாதீர்கள்.

விருப்பு வாக்கு எண்ணிக்கை நள்ளிரவுக்குப் பிறகு நீளும். அரச உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அந்த மேசைகளில் நானும் இருந்திருக்கிறேன். பட்டியல் வாக்கு எண்ணும்போது எதிரெதிர்க் கட்சி முகவர்கள் ஒருவரையொருவர் கண் வெட்டாமல் பார்ப்பார்கள். விருப்பு வாக்கு தொடங்கியதும் வென்ற கட்சிக்காரர்களே தங்களுக்குள் அப்படிப் பார்க்கத் தொடங்குவார்கள். ஒரே நிறச் சால்வை, ஒரே சின்னம், முகத்தில் மட்டும் பயம். அந்தப் பயம்தான் பரப்புரை முழுவதையும் ஓட்டியிருக்கிறது என்று எனக்கு அப்போது பட்டது. இன்றும் அதையே நினைக்கிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய முறையே நல்லது என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். 1977 வரைக்கும் தொகுதி முறை. இன்றைய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று 11 தொகுதிகள் இருந்தன. தொகுதிக்கு ஓர் உறுப்பினர். பெரிய தலைவரும் தன் தொகுதியின் ஒழுங்கைகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் தோற்கலாம். செல்வநாயகம் 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார். அமிர்தலிங்கம் 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றார். வேட்பாளரை ஊர் பார்த்தது, ஊரை வேட்பாளர் பார்த்தார், அது உண்மை. ஆனால் அதே முறை நாடு முழுவதற்கும் என்ன செய்தது? 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி சிறீ லங்கா சுதந்திரக் கட்சியைவிடக் கூடுதல் வாக்குப் பெற்றும் 17 ஆசனத்தோடு நின்றது. 1977இல் அதே கட்சி பாதி வாக்கோடு 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. அந்த அசுரப் பெரும்பான்மையை வைத்துத்தான் 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தார்கள். சிறுபான்மை மக்கள் அதற்குக் கொடுத்த விலையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். விகிதாசார முறையும் அந்த அரசியலமைப்பில்தான் வந்தது. கட்சி வரிசைப்படுத்திக் கொடுக்கும் பட்டியலாகத் தொடங்கிய எண்ணம் பிறகு விருப்பு வாக்காக மாறி, 1989 பொதுத்தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் தொகுதி போனாலும் நிலத்தில் போகவில்லை. அந்த 11 பெயர்களும் வாக்கெண்ணும் பிரிவுகளாக இன்றும் இருக்கின்றன. வேட்பாளர்கள் தங்கள் பரப்புரையை அவற்றைச் சுற்றியே அமைக்கிறார்கள். நெடுந்தீவிலிருந்து கிளிநொச்சி வரை, 5 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்காளர். குறிகாட்டுவானில் படகு ஏறுவது ஒரு நாள், ஏ9 வீதியில் இறங்கி ஓடுவது இன்னொரு நாள். எல்லா இடத்துக்கும் போக ஒருவராலும் முடியாது. அதனால் சொந்த ஊரில் வேர் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களில் இரண்டாவது, மூன்றாவது விருப்பைக் கேட்கிறார்கள். சிறீதரனுக்குக் கிளிநொச்சி. தருமலிங்கம் சித்தார்த்தனுக்கு அவருடைய தந்தை உடுவிலிலும் மானிப்பாயிலும் உறுப்பினராக இருந்த வலிகாமம். வேர் இல்லாத ஊர்களுக்கு யாரும் போவதில்லை என்பது இதன் மறுபக்கம். தீவகத்தில் சில கிராமங்கள், வன்னி எல்லையோரக் குடியேற்றங்கள், இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் காணிகள், இவையெல்லாம் ஒருவருடைய தளமாகவும் கணக்கில் வராதபடியால் ஒருவருடைய பரப்புரையிலும் இடம்பெறுவதில்லை.

ஆசனம் குறையக் குறைய நெருக்கடி கூடுகிறது. 2010இல் 9 ஆசனம், 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. போரும் புலம்பெயர்வும் நாட்டின் வாக்காளர் இடாப்பில் எங்கள் மாவட்டத்தின் பங்கைச் சுருக்கியதன் விளைவு இது. சுயேச்சைக் குழுவுக்கான கட்டுப்பணம் சிறியது, பட்டியல்களோ பெருகுகின்றன. 2024இல் தேசிய மக்கள் சக்தி வாக்கில் நான்கில் ஒரு பங்கு எடுத்து, முதலிடத்துக்கான மேலதிக ஆசனமும் சேர்ந்து 6இல் 3 ஆசனத்தைப் பெற்றது. அவர்கள் அதை முறைப்படி வென்றார்கள். மற்ற வாக்குகளைச் சிதறவிட்டவர்கள் அதைப் பற்றி முறையிட முடியாது.

இனிக் காசு. சுவரொட்டி ஒட்டுவதற்குத் தேர்தல் காலத்தில் சட்டத்தில் இடமில்லை. ஊர்வலத்துக்கும் இல்லை. ஒட்டினால் பொலிஸ் கிழிக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் மதிலிலிருந்து இறங்கிய செலவு கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது. முகநூல் விளம்பரமும், காணொளி எடுத்துப் போட ஆட்களும் இல்லாமல் இன்று ஒருவரும் நிற்பதில்லை. அந்தச் செலவை மதிலில் எண்ணுவதுபோல எண்ண முடியாது. அது பட்டியலின் செலவாகவும் இல்லாமல் ஒவ்வொருவரின் தனிச்செலவாக இருக்கிறது, ஏனென்றால் விளம்பரப்படுத்துவது கட்சியை அல்ல, இலக்கத்தை. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிற உறவினர் அனுப்புகிறார். அன்போடுதான் அனுப்புகிறார். ஆனால் காசு அனுப்புகிறவருக்குப் பிடித்த பேச்சும், வட்டக்கச்சியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நிற்கிற விவசாயிக்குத் தேவையான பேச்சும் ஒன்றாக இருப்பதில்லை. காணொளியில் உரத்துப் பேசுகிறவருக்குத் தொலைவிலிருந்து காசு வரும். தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவருக்கு வராது. உங்கள் மேடைப் பேச்சின் சுருதியை நீங்கள் அறியாமலே இது மாற்றிவிடும்.

பெண்களுக்கு இந்த முறையில் பாரம் இரட்டிப்பு. கட்சி வேலையை இரவில் ஒழுங்கைகளில் நடக்கிற சந்திப்பாகவே வைத்திருக்கும் ஊரில், தனி விருப்பு வாக்குச் சேர்க்கத் தனி ஆட்படை வேண்டும். 2013 வட மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகளோடு மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தார். தேர்தலுக்குச் சற்று முன் ஓர் இரவில் அவருடைய வீடு தாக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்காகப் பேசிய ஒரு பெண்ணுக்கு மக்கள் தாமாகவே கொடுத்த வாக்கு அது. அந்த அளவு துயரமும் அந்த அளவு துணிவும் இருந்தால்தான் ஒரு பெண் முன்னுக்கு வரலாம் என்ற நிலை எனக்கு உறுத்துகிறது. சாதாரணமான, திறமையான, ஊரில் மாதர் சங்கத்தை நல்லபடி நடத்துகிற ஒரு தங்கச்சியும் வர முடிய வேண்டும். 2018இலிருந்து உள்ளூராட்சித் தேர்தலில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் வந்ததும் அப்படிப்பட்டவர்கள் பிரதேச சபைகளுக்குள் வந்தார்கள். அங்கே விருப்பு வாக்கு இல்லை, வட்டாரம். வேட்பாளர் சைக்கிளில் ஒரு பின்னேரத்தில் சுற்றி வரக்கூடிய அளவு. யாருடைய வடிகால் அடைபட்டிருக்கிறது என்று பெயர் சொல்லிப் பேசினார்கள். அந்தக் கலப்பு முறையிலும் குறை உண்டு, நாடு முழுவதும் உறுப்பினர் தொகை 8 ஆயிரத்துக்கு மேல் வீங்கியது. ஆனால் பரப்புரையின் தரத்தை நான் கண்ணால் கண்டேன். அதே ஊர், அதே கட்சிகள், பல இடங்களில் அதே ஆட்கள். சீட்டு மாறியதும் பேச்சு மாறியது.

அப்படியானால் விருப்பு வாக்கை ஒழித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அதை எடுத்துவிட்டுக் கட்சியே வரிசைப்படுத்தும் பட்டியலை வைத்தால் உங்களுடைய பரப்புரை மக்களிடம் நடக்காது, கட்சித் தலைமையின் வரவேற்பறையில் நடக்கும். தேசியப் பட்டியல் ஆசனம் யாருக்கு என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நடக்கிற இழுபறியைப் பார்த்தவர்கள், எல்லா ஆசனமும் அப்படியாகட்டும் என்று சொல்லமாட்டார்கள். தலைமைக்குப் பிடிக்காத ஒருவரை மக்கள் மேலே கொண்டுவரவும், தலைமைக்கு வேண்டிய ஒருவரை மக்கள் வீட்டுக்கு அனுப்பவும் விருப்பு வாக்கு ஒன்றுதான் எங்களிடம் இருக்கிற கருவி. அந்த உரிமையை மக்களிடமிருந்து பறிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாகாண சபைத் தேர்தலுக்கு என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2017இல் முறையை மாற்றச் சட்டம் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. 2018 அக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது, பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் இல்லாமல் தேர்தல் வருடக்கணக்காக முடங்கியது. சீர்திருத்தம் என்ற பெயரில் தேர்தலே இல்லாமற்போனதை நாங்கள் அனுபவித்துவிட்டோம்.

முறை அப்படியே இருக்க, பரப்புரையை வேறு விதமாக நடத்த முடியும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே சான்று இருக்கிறது. நுவரெலியாவைப் பாருங்கள். 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணியின் பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், மயில்வாகனம் திலகராஜ் மூவரும் யானைச் சின்னப் பட்டியலில் நின்றார்கள். வாக்காளரிடம் இருப்பதோ மூன்று விருப்பு. மூன்று இலக்கத்தையும் சேர்த்தே கேட்டார்கள், தோட்டத்து மக்கள் சேர்த்தே போட்டார்கள், மூவரும் வென்றார்கள். 2020இல் தொலைபேசிச் சின்னத்தில் திகாம்பரம், இராதாகிருஷ்ணன், உதயகுமார் என்று மறுபடியும் மூவர், மறுபடியும் மூவரும் வெற்றி. பெரிய கட்சிப் பட்டியலுக்குள் சிறிய மக்கள் கூட்டம் சிதறினால் ஒன்றும் மிஞ்சாது என்பதை அந்த மலைகளில் உள்ளவர்கள் விளங்கிக்கொண்டார்கள். எங்களில் ஒருவரையொருவர் வெட்டச் செய்த அதே மூன்று புள்ளடி, அங்கே மூன்று பேரை ஒரே வாகனத்தில் ஏற்றியது.

தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி இதை வெகு காலமாகச் செய்கிறது. 2004இல் வெற்றிலைச் சின்னக் கூட்டணி வென்ற 105 ஆசனத்தில் 40 அளவு அவர்களுடையது. ஆதரவாளர்கள் மூன்று விருப்பையும் தங்கள் ஆட்களுக்கே கட்டுப்பாடாகப் போட்டதால் கூட்டணியின் மூத்த கட்சிக்காரர்கள் பல மாவட்டங்களில் பின்தள்ளப்பட்டார்கள். வேட்பாளர் தனித்தனியாக விருப்பு வாக்குக் கேட்டுத் திரிவதை அவர்கள் அனுமதிப்பதில்லை. 2024இல் தேசிய மக்கள் சக்தியும் அதே வழக்கத்தோடு வந்தது. மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண் சிங்கள வாக்காளரின் விருப்பு வாக்கில் தெரிவானதில் அந்தக் கூட்டுப் பரப்புரைக்குப் பங்கு உண்டு. அவர்களுடைய அரசியலில் எனக்குப் பல கேள்விகள் இருக்கின்றன, குறிப்பாக அதிகாரப் பகிர்வில். கட்டுப்பாடு மேலிருந்து வரும்போது வேட்பாளருக்கென்று குரல் இல்லாமற்போகிற ஆபத்தும் உண்டு. நான் உங்களிடம் கேட்பது தலைமை திணிக்கும் கட்டுப்பாட்டை அல்ல, நீங்களாகப் பேசி வைத்துக்கொள்ளும் உடன்பாட்டை.

வேட்புமனுவில் கையெழுத்து வைப்பதற்கு முன் உங்கள் பட்டியலில் உள்ள எல்லோரும் ஒரு நாள் ஒரே அறையில் இருங்கள். மூன்று பேர் கொண்ட அணிகளாகப் பிரியுங்கள். ஓர் அணியில் தீவகத்தார் ஒருவர், வலிகாமத்தார் ஒருவர், கிளிநொச்சியார் ஒருவர் என்று இருக்கட்டும், ஓர் ஆணோடு இரண்டு பெண்கள் வந்தாலும் வரட்டும். மூவரின் இலக்கமும் ஒரே பிரசுரத்தில் வர வேண்டும். ஒருவர் வீட்டு வாசலுக்குப் போனால் மூன்று இலக்கத்தையும் சொல்லிவிட்டு வர வேண்டும். அப்போது ஒருவருக்கு வேர் இல்லாத ஊருக்கும் அணியில் இன்னொருவர் காரணமாக எல்லோரும் போகத்தான் வேண்டியிருக்கும். யாரும் போகாத கிராமங்களைப் பட்டியல் போட்டுப் பங்கிடுங்கள். சக வேட்பாளரைப் பற்றிக் குறை இருந்தால் தேர்தல் முடிந்த பிறகு கட்சிக் கூட்டத்தில் சொல்லுங்கள். கட்சி இதற்கு உடன்படாவிட்டால், உங்களோடு மனம் ஒத்த இருவரையாவது தேடிக்கொண்டு மூவராக நில்லுங்கள். சட்டத்தில் இதற்கு எந்தத் தடையும் இல்லை.

காசையும் பொதுவாக்குங்கள். அணிக்கு ஒரு வங்கிக் கணக்கு, வருகிறது போகிறது எல்லாம் அதன் வழியாக. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வென்றவரும் தோற்றவரும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். பலர் அதைக் கடைசி நாளில் ஓடிப்போய்க் கொடுக்கும் கடதாசியாக நினைக்கிறார்கள். நீங்கள் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுப்பதன் ஒரு பிரதியை, யார் எவ்வளவு தந்தார்கள் என்ற விபரத்தோடு, உங்கள் ஊர் வாசிகசாலைப் பலகையிலும் போடுங்கள். முகநூல் விளம்பரச் செலவையும் தனி வரியாகக் காட்டுங்கள். தோற்றிருந்தாலும் போடுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்